வில்லுப்பாட்டுக் குழுவுக்கு அமெரிக்க விசா: ஓ-1 கேட்பதா, பி-3 கேட்பதா?

களியக்காவிளை டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கத்தில். செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாறசாலை. என் அண்ணன் வில்லுப்பாட்டுக் குழுவின் அண்ணாவி, அதாவது முதன்மைப் பாடகர். அப்பாவிடம் பாடம் கேட்டவர். பங்குனியில் தொடங்கினால் ஆடி முடிகிற வரை ராத்திரி வீட்டில் தூங்க மாட்டார். விளவங்கோடு, கல்குளம், அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, சில வருஷம் வள்ளியூர் வரைக்கும் கோயில் கொடை விழாவுக்குப் போவார். கேரளப் பக்கத்து நோட்டீஸில் 'வில்லடிச்சான்பாட்டு' என்று மலையாளத்தில் போடுவார்கள். குழுவில் அண்ணனோடு சேர்த்து ஆறு பேர். குடம், உடுக்கை, தாளம், கட்டை, பிறகு பின்பாட்டுக்கு ஒருவர்.

டெக்சாஸில் ஒரு தமிழ்ச் சங்கம் இவர்களை அக்டோபர் விழாவுக்கு அழைத்திருக்கிறது. வேறு இரண்டு ஊர்ச் சங்கங்களும் கேட்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சியும் கொடுக்க வேண்டுமாம். எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். ஆனால் விசா ஏற்பாடு செய்து தருவதாகச் சென்னையில் ஒருவர் வந்திருக்கிறார். "அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஓ-1 விசாதான் போட வேண்டும், எட்டு லட்சம் ஆகும், கிடைப்பது உறுதி" என்கிறார். அண்ணனுக்குக் கலைமாமணி இல்லை, வேறு பெரிய விருதும் இல்லை என்று சொன்னோம். அதற்கு, "ஒரு கௌரவ டாக்டர் பட்டமும் இரண்டு தேசிய விருதும் நானே வாங்கித் தருகிறேன், அதற்குத் தனிப் பணம்" என்கிறார். அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "நாலு பேருக்குத் தெரியாத விருதை நெஞ்சில குத்திக்கிட்டு நான் எப்படி சாமி முன்னால உட்காருவேன்" என்று கேட்டார்.

விருது இல்லாத ஒரு நாட்டார் கலைஞருக்கு உண்மையான வழி இருக்கிறதா? என்னென்ன தாள்கள் சேர்க்க வேண்டும்? எங்களிடம் இருப்பதெல்லாம் கொடை நோட்டீஸும் சால்வையும்தான்.

குழித்துறைக்காரி

டீச்சர், அந்த மனிதருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் அண்ணன் சொன்னதே சரி. நான் நியூ ஜெர்சியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சில வருஷம் கலைஞர்களின் மனுக்கட்டு தயாரிக்கும் வேலை பார்த்தேன். நாதஸ்வரம், பரதம், மிருதங்கம், ஒன்றிரண்டு மேற்கத்திய இசைக்காரர்கள் என்று பலருடைய தாள்கள் என் கையால் போயிருக்கின்றன. இப்போது ஊரில்தான் இருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. கடைசியில் அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைச் சொல்கிறேன்.

மனுப் போடுவது உங்கள் அண்ணன் இல்லை, சென்னைக்காரரும் இல்லை. ஐ-129 என்று ஒரு படிவம். அதை அமெரிக்காவில் இருக்கும் சங்கமோ, அங்கே இருக்கும் ஏஜென்டோதான் அவர்களுடைய குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒப்புதல் வந்த பிறகுதான் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல். ஆகவே சென்னையில் இருந்துகொண்டு யாரும் "உறுதி" சொல்ல முடியாது.

இப்போது ஓ-1 பற்றி. கலைகளுக்கு உரியது ஓ-1பி. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில்தான் ஓ, பி என்ற இரண்டு வகைகளும் பிறந்தன. பெயரைக் கேட்டு எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். விஞ்ஞானிகளிடமும் விளையாட்டு வீரர்களிடமும் கேட்பதைவிடக் கலைஞர்களிடம் கேட்கும் அளவு கொஞ்சம் இறக்கமானது. தன் துறையில் சாதாரணமாகக் காணப்படுபவர்களைவிடக் கணிசமாக உயர்ந்தவர், பேர் பெற்றவர் என்று காட்ட வேண்டும். வில்லுப்பாட்டுக்காரரை வில்லுப்பாட்டுக்காரர்களோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். சினிமாப் பாடகரோடு வைத்து அளக்கக் கூடாது.

கிராமி, ஆஸ்கர் மாதிரி ஒரு பெரிய விருது இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்களுக்கு ஆறு வகைச் சான்று சொல்லியிருக்கிறார்கள், அதில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். பேர் பெற்ற நிகழ்ச்சிகளில் முதன்மைக் கலைஞராகப் பங்கேற்றது. முக்கியமான பத்திரிகைகளில் அவரைப் பற்றி வந்த எழுத்து. பேர் பெற்ற அமைப்புகளுக்காக முக்கியப் பங்கு வகித்தது. வணிக வெற்றி அல்லது விமர்சகர்கள் பாராட்டிய வெற்றி. அமைப்புகள், விமர்சகர்கள், அரசு, துறை அறிஞர்கள் ஆகியோரிடமிருந்து வந்த அங்கீகாரம். மற்றவர்களைவிட உயர்ந்த சம்பளம். இவை கலைஞரின் தொழிலுக்கு நேராகப் பொருந்தாவிட்டால் அதற்கு ஈடான வேறு சான்றும் வைக்கலாம்.

உங்கள் அண்ணனுக்கு முதலாவதும் ஐந்தாவதும் முயன்றால் நிற்கலாம். பத்திரிகையில் அவர் பெயரை மட்டும் வைத்து எழுதிய கட்டுரை இருக்கிறதா? "கொடை விழாவில் வில்லிசை நடைபெற்றது" என்ற ஒரு வரிச் செய்தி அதற்கு உதவாது. அது இல்லை என்றால் மூன்று சான்று சேர்க்கத் தடுமாற வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஓ-1 அண்ணாவி ஒருவருக்கு மட்டும்தான். குடமும் உடுக்கையும் வாசிப்பவர்களுக்கு ஓ-2 என்று வேறு மனுத் தனியாகப் போட வேண்டும். இவர்கள் இல்லாமல் அவரால் நிகழ்ச்சி செய்ய முடியாது, இவர்களுடைய திறமையும் இவரோடு வாசித்த அனுபவமும் அங்கே வேறு யாரிடமும் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு மனு, இரண்டு கட்டணம்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: உங்களுக்குப் பொருந்துவது பி-3. ஒரு பண்பாட்டுக்கே தனியாக உரிய கலையை நிகழ்த்தவோ, கற்றுக்கொடுக்கவோ, பயிற்சி தரவோ வரும் கலைஞருக்கும் குழுவுக்கும் உள்ளது அது. பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி என்றீர்களே, அதுவும் இதற்குள்ளேயே அடங்கும். ஆறு பேரும் ஒரே மனுவில் போகலாம். பேர், புகழ், விருது எதையும் அது கேட்பதில்லை. அது கேட்பது இரண்டு. இந்தக் கலை ஒரு மக்கள் கூட்டத்துக்கே தனியாக உரியது என்பதற்கும், இவர்கள் அதை முறையாகத் தெரிந்தவர்கள் என்பதற்கும் அறிஞர்களின் கடிதமோ எழுத்துச் சான்றோ வேண்டும். அங்கே நடக்கப்போகும் எல்லா நிகழ்ச்சிகளும் அந்தக் கலை நிகழ்ச்சிகளே என்பதற்கும் சான்று வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வருஷம் வரை தருவார்கள். உங்களுக்குச் சில வாரம் போதுமே.

அந்த இரண்டாவது விஷயத்தில்தான் பல குழுக்கள் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அழைக்கிற சங்கத்தார் நல்ல மனதோடுதான் சொல்வார்கள்: "அண்ணாச்சி, கடைசியில இரண்டு சினிமாப் பாட்டுப் பாடிடுங்க, பிள்ளைங்க ஆடுவாங்க." அழைப்பிதழில் 'வில்லுப்பாட்டும் திரையிசையும்' என்று அச்சடித்துவிடுவார்கள். அதிகாரி அதைப் படித்தால், எல்லா நிகழ்ச்சியும் பண்பாட்டுக் கலை என்ற உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும். மரபை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று அர்த்தமில்லை. 2012இல் ஸ்கர்பால் கல்ச்சுரல் சென்டர் வழக்கில் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகமே முன்மாதிரித் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு குழு யூதர்களின் க்ளெஸ்மர் இசையையும் தங்கள் நாட்டு இசையையும் கலந்து வாசித்தது. கலப்பு என்பதாலேயே அது பண்பாட்டுக்குரிய கலை இல்லை என்று தள்ளிவிட முடியாது, சான்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஆகவே எய்ட்ஸ் விழிப்புணர்வையோ காந்தி கதையையோ வில்லில் பாடினால் அதை விளக்கி எழுதலாம். சினிமாப் பாட்டை அவர்கள் வேறு யாரையாவது பாடச் சொல்லட்டும்.

இனி நீங்கள் "நோட்டீஸும் சால்வையும்தான்" என்று எழுதியதற்கு வருகிறேன். டீச்சர், அந்த நோட்டீஸ்தான் உங்கள் சொத்து. சபாக் கச்சேரி செய்கிறவரிடம்கூட இவ்வளவு அச்சுச் சான்று இருக்காது. ஒரு கொடை நோட்டீஸில் தேதி இருக்கிறது, கோயில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, "வில்லிசை வழங்குபவர்" என்று அண்ணன் பெயர் தனி வரியில் இருக்கிறது. இரண்டு மாநிலத்து நோட்டீஸையும் வருஷ வரிசையில் அடுக்குங்கள். வீட்டில் இல்லாத வருஷத்துக்கு மார்த்தாண்டத்திலோ பாறசாலையிலோ நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸில் கேளுங்கள், பழைய பிரதி ஒன்று ஏதாவது கட்டுக்குள் கிடக்கும். கோயில் கமிட்டிக்காரர்களிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்த வருஷத்திலிருந்து அழைக்கிறார்கள், எத்தனை ராத்திரி, எந்தக் கதை, ஏன் இவரையே திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள். கமிட்டியின் வரவு செலவு நோட்டில் "வில்லுக்கு" என்று எழுதிய வரி இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுங்கள். திருநெல்வேலி வானொலியிலோ நாகர்கோவில் வானொலியிலோ பாடியிருந்தால் அந்த ஒப்பந்தத் தாளும் வேண்டும்.

தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் "எனக்கு இரு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது" என்று கையெழுத்திட வேண்டும். பெரிய கம்பெனியிடம் போக வேண்டியதில்லை, நீங்களே டீச்சர்தானே. ஆனால் அண்ணனின் தங்கை மொழிபெயர்த்தார் என்பதைவிட உங்கள் பள்ளியில் வேறு ஆசிரியர் செய்தால் கேள்வி வராது.

அறிஞர் கடிதத்தில்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். "இவர் தலைசிறந்த கலைஞர், இவரை அனுப்புவது நாட்டுக்குப் பெருமை" என்று பத்துப் பேர் எழுதினாலும் பிரயோசனம் இல்லை. எழுதுகிறவர் யார், இந்தக் கலையைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி, அண்ணனை எங்கே எப்போது கேட்டார், என்ன கேட்டார் என்று இருக்க வேண்டும். "நான் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியர். இன்ன ஊர் இசக்கியம்மன் கொடையில் இவரைக் கேட்டேன். குடியழைப்புப் பகுதியில் கதை எப்படி நகர்கிறது, சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் உடுக்கையும் குடமும் எப்படி மாறுகின்றன, அதை அண்ணாவி எப்படிக் கட்டுப்படுத்துகிறார்" என்று எழுதினால் அமெரிக்காவில் உட்கார்ந்து படிக்கிற அதிகாரிக்கு ஒரு கலை கண்ணுக்குத் தெரியும். வில்லையே பார்த்திராத ஆள் அவர் என்று நினைத்து எழுத வேண்டும்.

யாரிடம் கேட்பது? பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையே இருக்கிறது. கேரளப் பக்கத்துக்குக் கண்ணூரில் கேரள ஃபோக்லோர் அகாடமி இருக்கிறது. இந்தக் கலைக்கு ஆங்கிலத்திலேயே எழுத்து உண்டு. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நம்ம ஊர்ப் பக்கம் கொடைகளில் உட்கார்ந்து ஆராய்ந்து 1988இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாகவே வில்லுப்பாட்டைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அதிலிருந்து சில பக்கங்களை இணைத்தால், இப்படி ஒரு கலை உண்டா என்று கேட்கவே முடியாது. சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தது வில்லிசைக்காகத்தான். அதையும் சேருங்கள். அந்தப் பெருமை அண்ணனுக்குத் தனிச் சான்று ஆகாது, கலைக்குச் சான்று ஆகும்.

கடைசியாக அந்த வாங்குகிற விருது. பொய்யான தாளை வைத்து விசா கேட்டது தெரிந்தால் மனு தள்ளுபடியாவதோடு நிற்காது. தெரிந்தே பொய் சொன்னார் என்று பதிவாகிவிட்டால் ஆயுளுக்கும் அமெரிக்கா போக முடியாத தடை விழும். அந்தத் தடை விழுவது விருது விற்றவர் மேல் இல்லை, நம்ம கலைஞர் மேல். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடுகிறவர்களிடம் இருப்பதெல்லாம் உண்மை. அதன் மேல் பொய்யைப் பூசி விற்க ஒரு கூட்டம் அலைகிறது.

செங்கோட்டை தவில்

அக்கா விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். நான் தவில்காரன். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் வரை கோயில் கச்சேரி எங்கள் குடும்பத்துக்கு. அமெரிக்காவில் ஒரு கோயில் மனுப் போட்டு எனக்கு ஓ-1பி கிடைத்தது. முடியவே முடியாது என்று நாட்டார் கலைஞர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. ஓ-1 மூன்று வருஷம் வரை கொடுக்கிறார்கள். நடுவில் வந்து போகலாம். பி-3க்குப் போகிறவர் ஊரில் வீடும் பிழைப்பும் இருக்கிறது, திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டும். ஓ-1க்கு அந்த நிபந்தனை சட்டத்தில் இல்லை.

ஆனால் எனக்கு நேரே கிடைக்கவில்லை. கூடுதல் சான்று கேட்டு ஒரு நீளக் கடிதம் வந்தது. பதில் சொல்ல 84 நாள்தான் அவகாசம். என்ன கேட்டார்கள் தெரியுமா? நான் வாசித்த விழாக்கள் பேர் பெற்றவை என்பதற்கு என்ன ஆதாரம் என்று. எங்களுக்கு ஆரியங்காவு திருக்கல்யாணம் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் வாசித்தேன் என்று மட்டும் காட்டினால் போதாது, அந்த மேடைக்கு என்ன மரியாதை என்பதையும் தனியாகக் காட்ட வேண்டும். கோயில் வரலாறு, பத்திரிகைச் செய்தி, கூட்டத்தின் படம் எல்லாம் தேடி அனுப்பினோம்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், நோட்டீஸில் ஊர்ப் பெயர் சேர்த்து ஒன்று, மலையாள நோட்டீஸில் வேறு எழுத்து, வானொலித் தாளில் அப்பா பெயரின் முதல் எழுத்து இடம் மாறி இருந்தது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்தோம். உங்கள் அண்ணனுக்கும் இது கட்டாயம் வரும், இப்போதே வாங்கி வையுங்கள்.

குழித்துறைக்காரி

தம்பி சொல்வது நியாயம். வானொலி கிரேடும் சபா விமர்சனமும் இருக்கிற இசை வேளாளர் குடும்பத்துக் கலைஞருக்கு ஓ-1பி நன்றாகவே நிற்கும், நானே பார்த்திருக்கிறேன். அண்ணாவிக்கும் பிற்காலத்தில் நிற்கலாம். இந்தப் பயணத்தில் அங்கே வரும் விமர்சனம், அழைப்பிதழ், பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினால் அடுத்த மனுவுக்கு அதுவே சான்று. ஆனால் இந்த அக்டோபருக்கு, ஆறு பேரையும் சேர்த்து, பி-3தான் பொருந்தும் என்பதில் நான் மாறவில்லை. ஒருவருக்கு ஓ-1 கிடைத்து மற்ற ஐந்து பேர் ஊரில் நின்றால் வில்லை யார் முன்னால் வைப்பது?

டல்லாஸ் பக்கத்து சங்கத்துக்காரன்

நான் இங்கே ஒரு சங்கத்தில் கலைக்குழுப் பொறுப்பில் இருந்தேன். உங்களை அழைத்த சங்கம் எது என்று தெரியாது. அவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அவர்களுக்கு அனுப்புங்கள்.

மூன்று ஊரில் மூன்று சங்கம் என்றால் மூன்று பேரும் தனித்தனியே மனுப் போட வேண்டும், இல்லை என்றால் ஒருவர் எல்லோருக்கும் ஏஜென்டாக நின்று ஒரே மனுவாகப் போடலாம். இரண்டாவதுதான் நல்லது. எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த அரங்கில் என்ற பயணத் திட்டமும், ஒவ்வொரு சங்கத்தின் ஒப்பந்தமும் உள்ளே இருக்க வேண்டும். அதோடு இங்கிருக்கும் கலைஞர் சங்கம் ஒன்றிடமிருந்து கருத்துக் கடிதம் வாங்க வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு அமெரிக்கன் ஃபெடரேஷன் ஆஃப் மியூசிஷியன்ஸ், பாடகர் என்றால் அமெரிக்கன் கில்ட் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்டிஸ்ட்ஸ். எழுதிக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடுகிறார்கள்.

கட்டணம்: 2024 ஏப்ரல் 1இல் வந்த பட்டியல்படி பி மனுவுக்கு 1,015 டாலர். சங்கம் 501(சி)(3) பதிவுள்ள லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் 510தான். அசைலம் (அகதித் தஞ்சம்) திட்டக் கட்டணம் என்று ஒரு 600 டாலர் இருக்கிறது, அது அப்படிப்பட்ட அமைப்புக்குக் கிடையாது. சீக்கிரம் வேண்டும் என்றால் பிரீமியம் கட்டணம் தனி. 15 வேலை நாளில் பார்ப்பார்கள். 2024இல் அது 2,805 டாலராக இருந்தது, அவ்வப்போது ஏற்றுகிறார்கள், கட்டுகிற அன்று துறையின் தளத்தில் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். விசாவுக்குத் தலைக்கு 205 டாலர். இங்கே வழக்கறிஞர் கட்டணம் வேறு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, அந்த எட்டு லட்சம் எதற்கு என்று அவரிடமே கேளுங்கள்.

வருமானத்தில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்க வேண்டியிருக்கும், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அதுதான் விதி. முன்கூட்டியே வரித் துறையிடம் ஒப்பந்தம் போட்டால் குறைக்க வழி உண்டு. அண்ணாவியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள், கையில் வாங்கும்போது மனம் உடையக் கூடாது. இன்னொரு விஷயம்: வந்த பிறகு சங்கம் பாதியில் நிகழ்ச்சியைக் கைவிட்டுவிட்டால், திரும்பிப் போகும் டிக்கெட் செலவை அழைத்தவரும் மனுப் போட்டவரும் சேர்ந்து ஏற்க வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. தயங்காமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பாலக்காட்டான்

எங்கள் பக்கம் தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களுக்கும் இதே கதைதான். கம்பராமாயணப் பாட்டைத் தமிழில் பாடி மலையாளத்தில் விளக்கம் சொல்லும் கலை அது, இதைவிடத் தெளிவாகப் பி-3க்குப் பொருந்துவது எது? பொருட்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய வாத்தியத்திலோ பாவையிலோ மான் தோல் இருந்தால் கொண்டுபோகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கேயே பிடித்துவிடும். உடுக்கைத் தோல் எதில் செய்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். மண் குடத்துக்கு நல்ல பெட்டி வேண்டும், உபரியாக ஒன்று இருக்கட்டும்.

நெய்யாற்றின்கரை மருமகள்

இப்போது விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று டிவியில் சொன்னார்களே, அது இவர்களுக்கும் உண்டா? சாதாரண டூரிஸ்ட் விசாவில் போய்ப் பாடிவிட்டு வந்தால் என்ன? என் சித்தப்பா அப்படித்தான் சொல்கிறார்.

குழித்துறைக்காரி

ஒரு லட்சம் டாலர் என்பது 2025 செப்டம்பரில் எச்-1பி வேலை விசாவுக்கு வந்த அறிவிப்பு. ஓ, பி இரண்டையும் அது தொடாது.

டூரிஸ்ட் விசாவில் போய்ப் பணம் வாங்கிப் பாடுவது கூடாது. "பணம் என்று சொல்ல வேண்டாம், அன்பளிப்பு என்று சொல்லிக்கலாம்" என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். விமான நிலையத்தில் அழைப்பிதழும் போஸ்டரும் போனிலேயே இருக்கும், அதிகாரி பார்த்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

களியக்காவிளை டீச்சர்

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். சென்னைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பெரிய டிரங்குப் பெட்டியை இறக்கி நோட்டீஸ் எல்லாம் தரையில் பரப்பியிருக்கிறோம். அப்பா காலத்து நோட்டீஸும் கிடைத்தது, அதில் அப்பா அண்ணாவி, அண்ணன் பெயர் தாளத்துக்கு நேரே இருக்கிறது. அதை வைக்கலாமா?

இன்னும் இரண்டு சந்தேகம். அண்ணனுக்கு ஆங்கிலம் வராது, குடம் வாசிக்கிற மாமா பள்ளிக்கூடமே அதிகம் போனதில்லை. நேர்காணலில் என்ன செய்வார்கள்? அப்புறம், சங்கத்தார் சுடலைமாடன் கதை வேண்டாம், பிள்ளைகள் பயப்படுவார்கள், வேறு ஏதாவது கதை சொல்லுங்கள் என்கிறார்கள். கதையை மாற்றினால் பி-3க்குப் பங்கம் வருமா?

குழித்துறைக்காரி

அப்பாவின் நோட்டீஸைக் கட்டாயம் வையுங்கள், அதையே முதல் பக்கமாக வையுங்கள். ஒரு குடும்பத்தில் கலை கைமாறி வந்ததை அதைவிடத் தெளிவாக எந்தக் கடிதமும் சொல்லாது. தாளத்தில் தொடங்கிய பையன் வில்லுக்கு வந்த வரிசை அச்சிலேயே இருக்கிறதே. பேராசிரியரிடம் கடிதம் கேட்கப் போகும்போது அந்த இரண்டு நோட்டீஸையும் கையில் கொண்டுபோங்கள், அவரே அதைப் பற்றி எழுதுவார்.

சென்னையில் தமிழிலேயே பதில் சொல்லலாம். ஆறு பேருக்கும் ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: யார் அழைத்தார்கள், எந்தெந்த ஊர், எத்தனை நிகழ்ச்சி, தனக்கு எவ்வளவு பணம், எப்போது திரும்புவது. இதில் ஆறு பேரும் ஆறு விதமாகச் சொன்னால்தான் சிக்கல். எழுதிக்கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள், உட்கார வைத்துப் பேசிப் புரிய வையுங்கள். மாமாவிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்" என்று கேட்டால் "குடம் அடிப்பேன், கொடை இல்லாத மாசம் ரப்பர் வெட்டப் போவேன்" என்று இருப்பதையே சொல்லட்டும். திரும்பி வருகிற பிழைப்பு அதுதானே. நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, அடுத்த பங்குனிக்கு இப்போதே அட்வான்ஸ் வாங்கிய கொடைகளின் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும்.

கதையைப் பற்றி. வில்லுப்பாட்டில் புராணக் கதையும் வரலாற்றுக் கதையும் சமூகக் கதையும் உண்டு. சுடலைமாடன் பாடாததால் அது வில்லுப்பாட்டு இல்லை என்று ஆகாது. ஐயப்பன் கதையோ, கண்ணகி கதையோ, பிள்ளைகளுக்கு ஏற்றதாக எதையும் அண்ணன் எடுக்கலாம். காப்பு, வருபொருள் உரைத்தல், கதை, வாழி என்ற அமைப்பும் வில்லும் குடமும் உடுக்கையும் அப்படியே இருந்தால் போதும். எந்தக் கதை, எத்தனை நேரம், எந்த வாத்தியம் என்று ஒரு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள், அது மனுவோடு போகட்டும். பயிற்சி நாளன்று பிள்ளைகளை வில்லைத் தொட்டு அடிக்க வைக்கப் போவதையும் எழுதுங்கள்.

நான் பார்த்த வரையில் இடுப்பை ஒடிப்பது நேரம்தான். அக்டோபர் நிகழ்ச்சிக்கு ஆடிக் கொடை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே மனுப் போட அனுமதி இருக்கிறது. ஒப்புதல் வந்த பிறகும் சென்னையில் நேர்காணல் தேதிக்குக் காத்திருக்க வேண்டி வரலாம், ஆறு பேருக்கும் ஒரே நாள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட் இல்லாதவர் யாராவது இருந்தால் நாளைக்கே விண்ணப்பியுங்கள். சங்கம் அனுப்பும் ஒப்பந்தத்தில் அண்ணன் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் டீச்சர், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.